செட்டிநாட்டுச் செம்மண்ணில் தாழிகள்: பொருளும் அது கிடந்த இடமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மாத் தேக்கு நிலை, எனாமல் தூக்குச்சட்டி, மரவை, பல்லாங்குழிப் பலகை, மங்கிப்போன ரவிவர்மா அச்சுப்படம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் அந்த நிலை எந்த ஊர் வீட்டில் நின்றது, முகப்பில் இருந்ததா இரண்டாம் கட்டில் இருந்ததா, அந்தத் தூக்குச்சட்டி எந்தப் பெண்ணுக்குச் சீராக வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வீட்டை விட்டு வெளியே எடுத்த அன்றே பொருளின் பாதிக் கதை உதிர்ந்துவிட்டது.

இந்த வீடுகளுக்கு வயது நூறு, நூற்றைம்பது இருக்கும். இவை நிற்கும் அதே செம்மண்ணில் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பழைய வீடுகளும் இருக்கின்றன. செத்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள். கல்வட்டம், பலகைக் கற்களால் பெட்டி போலக் கட்டிய கற்பதுக்கை, இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய பானையான முதுமக்கள் தாழி என்று இவற்றைச் சொல்கிறோம். அவற்றுக்குள் இருக்கும் பானை, இரும்பு, மணி எல்லாவற்றையும் பற்றி இந்தக் கட்டுரையில் எழுதப்போகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈமக்குழியில் விலை மதிப்புள்ளது பானையோ வாளோ அல்ல. அது எங்கே, எதற்குப் பக்கத்தில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்பதுதான்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தெற்கே ஒரு செம்மண் மேடு உண்டு. உழ முடியாத தரை. சின்ன வயதில் ஆடு மேய்க்கும் பையன்களோடு அங்கே சுற்றுவோம். வட்டமாகப் பாதி புதைந்த செம்பாறாங்கற்கள் அங்கங்கே தெரியும். மழை பெய்து மண் அரித்தால், தரைமட்டத்தில் ஒரு சிவப்பு வளையம் எட்டிப்பார்க்கும். தடித்த பானை விளிம்பு. “அங்கிட்டுப் போகாதப்பா, மண்ணுக்குள்ள தாழி இருக்கு” என்பார் அப்பத்தா. அவர் சொன்ன கதையும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடம்பு சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். மாடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். கடைசியில் பெரிய தாழியில் உட்காரவைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் உள்ளே வைத்து, மூடிப் புதைத்துவிடுவார்களாம்.

இந்தக் கதை செட்டிநாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் சின்னச் சின்ன மாற்றங்களோடு சொல்லப்படுகிறது. இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. எப்போதோ தாழியைத் திறந்து பார்த்த ஒருவரின் கண்சாட்சி இதற்குள் இருக்கிறது. தாழியின் வாய் குறுகலாக இருக்கும், ஒரு முழு ஆள் நுழைய முடியாது. உள்ளே எலும்பு கொஞ்சமாகக் கிடக்கும். சின்னக் கிண்ணங்கள், அகல் போன்ற மட்கலங்கள் இருக்கும். இத்தனையையும் பார்த்த கிராமத்து மனம் தனக்குத் தெரிந்த வகையில் ஒரு காரணம் தேடியிருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கற்பதுக்கைகளைக் குரங்குப்பட்டறை என்று சொல்வதும், வேறு இடங்களில் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று சொல்வதும் இந்த வகைதான். இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களாக இருக்க முடியாது என்ற வியப்பு அந்தப் பெயர்களில் தெரிகிறது.

ஆனால் அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான். இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. பெருங்கற்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததும், பழைய கற்காலம், புதிய கற்காலம் வரிசையில் இது இன்னொரு கற்காலம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது இரும்புக்காலம். கல் கருவியை விட்டு இரும்புக் கருவிக்கு வந்துவிட்ட, நெல் விளைத்த, மணிகளுக்குத் துளை போடத் தெரிந்த மக்களின் காலம். இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் நினைவிடம் எழுப்பியதால் பெருங்கற்படைச் சின்னம் என்ற பெயர் வந்தது. மேலே ஒரு கல்கூட இல்லாமல் வெறும் தாழி மட்டும் புதைந்திருந்தாலும் அதே பண்பாட்டுக்குள்தான் சேர்க்கிறார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் மட்கலமும் இரும்பும் ஒரே மாதிரி.

சரி, செட்டிநாட்டு நிலத்தைப் பார்ப்போம். வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று பழைய எல்லை சொல்வார்கள். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. ஆற்றுப் பாசனம் பெரிதாக இல்லாத, கண்மாயையும் ஊருணியையும் நம்பி வாழும் பூமி. மேற்கிலும் வடக்கிலும் திருமயம், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி போலக் கருங்கல் குன்றுகள் தரையைப் பிளந்துகொண்டு நிற்கும். கிழக்கே போகப் போகச் செம்பாறாங்கல். நம் ஊருணிகளின் படிக்கட்டும் கோவில் மதிலும் எந்தக் கல்லால் கட்டப்பட்டனவோ அதே கல்.

ஈமச்சின்னங்களும் இந்த நிலப் பிரிவையே பின்பற்றுகின்றன. பாறை கிடைக்கும் இடத்தில் பலகைக் கல்லை நட்டுப் பதுக்கை கட்டினார்கள். பாறை இல்லாத இடத்தில் குழி வெட்டித் தாழியை இறக்கினார்கள். சுற்றிலும் செம்பாறாங்கற்களை வட்டமாக அடுக்கினார்கள். செம்பாறாங்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மண்ணுக்குள் ஈரமாக இருக்கும்போது கத்தியால் வெட்டலாம் என்கிற அளவுக்கு மென்மை. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். கிணறு வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆக, தாழிக்கான குழியை வெட்டும்போதே அதைச் சுற்றி வைக்க வேண்டிய கல்லும் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கற்பதுக்கையை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெள்ளாற்றைத் தாண்டிச் சித்தன்னவாசல் போக வேண்டும். காரைக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லாரும் சமணக் குகை ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றைச் சுற்றியுள்ள சமவெளியில் கல்வட்டங்களும் பதுக்கைகளும் ஏராளமாகக் கிடக்கின்றன, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். அவற்றுக்கிடையே ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள்.

ஒரு பதுக்கை எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நல்ல பொறியியல் இருக்கிறது. முதலில் குழி. அடியில் ஒரு பலகைக் கல்லைப் பாவுகிறார்கள். நான்கு பக்கமும் நான்கு பலகைக் கற்களை நிறுத்துகிறார்கள். வெறுமனே பெட்டி மாதிரி மூலைக்கு மூலை பொருத்தினால், வெளியே நிரப்பும் மண்ணின் அழுத்தத்தில் கல் உள்ளே சாய்ந்துவிடும். அதனால் பல இடங்களில் ஒவ்வொரு கல்லின் ஒரு முனையும் அடுத்த கல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகா போலத் தெரியும். ஒரு கல் உள்ளே சாயப் பார்த்தால் அடுத்த கல் தாங்கும். அதை அதற்கடுத்தது தாங்கும். சாந்து கிடையாது, ஆப்பு கிடையாது. மண்ணின் அழுத்தமே அதைக் கட்டி நிறுத்துகிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் பல பதுக்கைகள் கோணாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

மேலே மூடுகல். நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், கனம் 20 சென்டிமீட்டர் என்று சுமாரான ஒரு மூடுகல்லை வைத்துக் கணக்குப் போடுவோம். கன அளவு 0.6 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.7 டன் எடை. ஆக ஒரே கல் 1.6 டன்னுக்கு மேல். பாறையிலிருந்து இதைப் பெயர்க்க வேண்டும். நெருப்பு மூட்டிச் சூடாக்கிப் பாறையை ஏடு ஏடாக உரித்திருப்பார்கள் என்று கருதப்படுகிறது. அப்புறம் மரக்கட்டைகளின் மேல் உருட்டியோ கயிறு கட்டி இழுத்தோ கொண்டுவர வேண்டும். இருபது முப்பது பேர் வேலை. அந்த நாட்களில் அத்தனை பேருக்கும் சோறு போட ஒரு வீட்டால் முடிய வேண்டும், அல்லது ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். செத்துப்போன எல்லாருக்கும் இப்படிச் செய்திருக்க முடியாது. பதுக்கையின் அளவே அந்தச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருந்ததைச் சொல்கிறது.

பல பதுக்கைகளில் ஒரு பலகைக் கல்லில், பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்பார்கள். ஒரு சிறு பையன் நுழையலாம். மூடிவைக்க வெளியே தனியாக ஒரு கல். ஒருமுறை மூடினால் திறக்கவே போவதில்லை என்றால் துளை எதற்கு? பின்னாளில் இறந்தவர்களின் எலும்பை உள்ளே சேர்க்கவோ, குறிப்பிட்ட நாளில் படையல் வைக்கவோ பயன்பட்டிருக்கும் என்பது ஒரு விளக்கம். உயிர் வந்துபோகும் வழி என்பது இன்னொன்று. எனக்கு முதல் விளக்கம் பொருத்தமாகப் படுகிறது. ஒரே பதுக்கையில் ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்த இடங்கள் தென்னிந்தியாவில் உண்டு. குடும்பக் கல்லறை என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்கிறது.

எலும்பு என்றதும் ஒன்றை விளக்க வேண்டும். தாழியிலும் பதுக்கையிலும் முழு உடலையும் வைத்த இடங்கள் உண்டு. ஆனால் நிறைய இடங்களில் மண்டை ஓடு, கை கால் நீள எலும்புகள் என்று தேர்ந்தெடுத்துச் சிலவற்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். உடலை முதலில் வெட்டவெளியில் இட்டோ வேறிடத்தில் புதைத்தோ, சதை கரைந்தபின் எலும்பைப் பொறுக்கிவந்து அடக்கம் செய்வது வழக்கம். அப்பத்தாவின் கதையில் மனிதர் சுருங்கியதற்குக் காரணம் இதுதான். செம்பாறாங்கல் மண்ணில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அந்த மண் அமிலத் தன்மை உள்ளது. எலும்பைக் காலப்போக்கில் கரைத்துவிடும். அதனால் நம் பக்கத்துத் தாழிகளில் எலும்பு துணுக்காகவே மிஞ்சுகிறது, சில நேரம் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட தாழியில் இறந்தவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி, கூட வைத்த பொருள்களின் அடுக்குதான்.

பொருள்களில் முதலிடம் கருப்பு-சிவப்பு மட்கலத்துக்கு. உள்ளேயும் வாய்ப்பக்கமும் நல்ல கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டு நிறம் பூசியதல்ல, சூளையில் வந்தது. பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது: பச்சைப் பானைகளைச் சூளையில் வாய் கீழாகக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலோ இலைதழையோ அடைத்துச் சுடுவார்கள். வெளிப்புறத்துக்குக் காற்று கிடைப்பதால் களிமண்ணில் உள்ள இரும்பு சிவக்கிறது. கவிழ்ந்த உட்புறத்துக்குக் காற்று கிடைக்காமல் கரி ஏறிக் கருக்கிறது. சுடுவதற்கு முன்பே கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பதால், மண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தால் இன்றும் பளபளக்கும். கிண்ணம், தட்டு, குடுவை, நான்கு கால் சாடி, பானையை உட்காரவைக்கும் பிரிமனை, குமிழ் வைத்த மூடி எல்லாம் இதில் உண்டு. நம் சமையற்கட்டுச் சாமான்களை ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால் பாதிக்குமேல் ஒத்துப்போகும்.

சில கலங்களில் கீறல் குறியீடுகள் இருக்கும். ஏணி, மீன், அம்பு, வட்டத்துக்குள் கோடு போன்றவை. குயவர் அடையாளமா, உடைமையாளர் அடையாளமா, குலக்குறியா என்று முடிவாகவில்லை. ஆனால் பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-இல் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் சாடி நிறைய நெல் இருந்தது, ஏறக்குறைய இரண்டு கிலோ. அதே ஈமக்குழியில் இருந்த பிரிமனையில் ‘வயிர’ என்று தமிழி எழுத்து, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து. நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. அதனால்தான் இந்த ஈமச்சின்னங்களை வரலாற்றுக்கு முற்பட்டவை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. இவற்றைக் கட்டிய மக்களின் கடைசித் தலைமுறைகளுக்கு எழுத்துத் தெரியும்.

பொருந்தலில் அந்தச் சாடி மட்டும் யாரோ தோண்டி எடுத்து வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெல்லைக் கொட்டியிருப்பார்கள். பிரிமனை வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். எழுத்துக்கும் நெல்லுக்கும் உறவு அறுந்துபோயிருக்கும். இரண்டும் ஒரே குழியில், யாரும் கலைக்காத மண்ணில் சேர்ந்து கிடந்ததால்தான் நெல்லின் வயது எழுத்தின் வயதைச் சொன்னது. நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இரும்புக்கு வருவோம். வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை, கோடரி, உளி, அரிவாள், மண்வெட்டி என்று ஈமக்குழிகளில் கிடைக்காத இரும்புச் சாமானே இல்லை எனலாம். செம்பாறாங்கல்லின் சிவப்பே இரும்புத் துருதான். புதுக்கோட்டைக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டைப் பக்கத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் உள்ளன. எங்கள் மேட்டிலும் கருப்பாக, குமிழ் குமிழாக, அளவுக்கு மீறிக் கனமான கட்டிகள் கிடக்கும். அவை உலையிலிருந்து வழிந்த இரும்புக் கசடு என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கேயும் இருப்பிடம் பேசும். தாழிக்குள் எலும்போடு வைத்த அரிவாள், இறந்தவரின் உடைமை. தாழிக்கு வெளியே, குழி மண்ணில் நட்டுவைத்த ஈட்டி, சடங்கின் கடைசியில் செய்த ஒரு செயல். பொருள் ஒன்றாக இருந்தாலும் சொல்லும் சேதி வேறு.

அதற்குமேல் மணிகள். செக்கச்சிவந்த சூதுபவளம் இந்த நிலத்தில் கிடைக்கிற கல் அல்ல. குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்பதே பொதுவான கருத்து. கொங்கு நாட்டுக் கொடுமணலில் கல்லுக்குத் துளை போட்டு மணியாக்கும் பட்டறைகள் இருந்தன. செட்டிநாடு இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தில், கீழடியைச் சேர்ந்த இடுகாடான கொந்தகையில் 2022-இல் ஒரே தாழிக்குள் 74 சூதுபவள மணிகள் கிடைத்தன. ஆற்றோர ஊர் ஒன்றில் இறந்தவரோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த கல்லை வைத்து மூடியிருக்கிறார்கள். கொந்தகை மண்டையோடுகள் இரண்டை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகத்தை மீட்டுருவாக்கியதும் 2025-இல் செய்தியானது. படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. எங்கள் சந்தையில் காய் விற்கிற முகம்.

சடங்குக்கு எழுத்துச் சாட்சியும் நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், “சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்” என்று ஐந்து வழக்கங்களை அடுக்குகிறார் சாத்தனார். எரிப்பது, வெட்டவெளியில் இடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது. அகழ்வாய்வில் கிடைப்பவற்றோடு பொருந்தும் பட்டியல் இது. அந்தக் காட்சி நடப்பது காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் தங்கள் முன்னோர் புறப்பட்டு வந்ததாகச் சொல்லும் அதே பட்டினம். இந்தத் தமிழ்ச் சான்றுகளையும் மண்ணில் கிடக்கும் சின்னங்களையும் சேர்த்துவைத்து, தொல்லியலாளர் கே. ஆர். சீனிவாசன் 1946-இலேயே ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்றும் அது அடிப்படை.

புறநானூற்றில் இரண்டு பாட்டு எனக்கு மிகவும் நெருக்கமானவை. 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபின் குயவரைப் பார்த்துக் கேட்கிறார்: இவ்வளவு பெரியவனுக்குத் தாழி வனைய வேண்டுமென்றால் பூமியே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டும், உன்னால் முடியுமா? 256-இல் பேசுவது ஒரு பெண். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லியைப் போல இவனோடு பல சுரம் கடந்து வந்தேன். எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து தா என்கிறாள். தாழியின் வாயகலத்தை அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்கும்.

இதெல்லாம் எவ்வளவு பழையது? நீண்ட காலமாகக் கி.மு. 1000 தொடங்கிக் கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை என்று சொல்லிவந்தார்கள். இப்போது தொடக்கம் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, அதே சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. இந்தக் கடைசிக் கணிப்பை எல்லா ஆய்வாளர்களும் ஒரே மனதாக ஏற்றுக்கொள்ளவில்லை; இன்னும் பல இடங்களிலிருந்து மாதிரிகள் வேண்டும் என்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். அந்த மாதிரிகள் எங்கிருந்து வரும்? கலைக்காத தாழிகளிலிருந்துதான் வரும். ஒரே ஒரு கரித்துண்டு, ஒரு பிடி உமி போதும். ஆனால் அது மூடிய தாழிக்குள், தன் இடத்தில் இருக்க வேண்டும்.

அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பது செட்டிநாட்டில் இன்னும் பெரிய கேள்வி. ஈமக்காடு கண்ணில் படுகிற அளவுக்கு வாழ்விடம் படுவதில்லை. மண்சுவரும் கூரையும் கரைந்துபோகும். அதோடு, நீர் கிடைக்கும் நல்ல இடத்தில் அன்று ஊர் இருந்தால் இன்றும் அங்கேதான் ஊர் இருக்கும். நம் தெருக்களுக்கு அடியிலேயே அது கிடக்கலாம். ஈமக்காடுகளைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது: உழவுக்கு ஆகாத மேட்டுத் தரை, பக்கத்தில் தாழ்வாக நீர் தேங்கும் பள்ளம், இன்று அது கண்மாய். விளையும் நிலத்தில் ஒரு சாண்கூட இறந்தவர்களுக்குக் கொடுக்காமல், தண்ணீருக்கு அருகிலும் வைத்திருக்கிறார்கள். கண்மாய்களின் தொடக்கம் அந்தக் காலத்திலேயே இருக்குமோ என்று சில ஆய்வாளர்கள் யோசிப்பதற்கு இந்த நெருக்கம் ஒரு காரணம்.

அந்த மேட்டுத் தரைதான் இன்று ஆபத்தும் ஆகிவிட்டது. உழவுக்கு ஆகாத நிலம் என்றால் தரிசு. தரிசு என்றால் கிராவல் எடுக்கலாம், தைலமரம் நடலாம், மனை போடலாம். பொக்லைன் ஒருமுறை இறங்கினால் பத்துத் தாழி பத்து நிமிடத்தில் போய்விடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று பேச்சுக்குச் சொல்வோம். காலக்கணிப்பும் மரபணு ஆய்வும் இவ்வளவு வளர்ந்து, ஒரு துணுக்கு எலும்பே பேசத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்களும் உண்டு. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களின் கதை அந்த ஆசைக்குத் தீனி போடுகிறது. சாதாரணத் தாழியில் இருப்பது மண்கலமும் துருவேறிய இரும்பும்தான்.

கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்? எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ அளவுகோலோ வைத்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எது வடக்கு என்று படத்தில் தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் கொடுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். ஏற்கெனவே மண் வெட்டி வெளியே வந்துவிட்ட கலம் என்றால், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எந்த ஊர், எந்த மேடு, எந்தப் பக்கம் என்று எழுதிய சீட்டையும் கலத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

போன கோடையில் ஊருக்குப் போனபோது எங்கள் மேட்டுக்கு நடந்தேன். வடபுறம் பாதிக்கு மேல் கிராவலுக்குப் போயிருந்தது. வெட்டிய சுவரில், முழங்கால் உயரத்தில், இரண்டு தாழிகளின் குறுக்குவெட்டு அரைவட்டமாகத் தெரிந்தது. தென்புறத்தில் மூன்று கல்வட்டங்கள் மிச்சம். பெரிய வட்டத்தில் 14 கற்கள். ஒன்று வெளியே உருண்டு கிடந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். குறுக்களவை நாடாவால் எடுத்தேன், படம் எடுத்தேன், கண்மாய் மடையிலிருந்து எத்தனை எட்டு என்று எண்ணி ஒரு வரைபடம் போட்டேன். இரண்டு பிரதி. ஒன்றைக் கிராம அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இன்னொன்று வீட்டுப் பெட்டகத்தில், பத்திரங்களோடு.